எல்லோருக்கும் பத்துக்கு ஆறு

இந்த வருடம் முதன்முறையாக மதிப்பீட்டுக் குழுவில் உட்காரப் போகிறவர்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள் என்று முதல்வர் சொன்னார். சந்தோஷம். கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மார்க் போடுவது ஒரு வேலை. பக்கத்து மேசைக்காரருக்கு மார்க் போட்டுவிட்டு மறுநாள் அவரோடு ஒரே பஸ்ஸில் வருவது வேறு வேலை. நான் ஒன்பது வருடம் அந்த பஸ்ஸில் வந்தேன். கருங்கல் நிறுத்தத்தில் ஏறியதிலிருந்து கல்லூரி வாசல் வரை ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் வெளியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்த நாட்கள் உண்டு.

விதிகளை நான் ஓதப் போவதில்லை. அச்சடித்துத் தந்திருப்பார்கள், வாசித்துக்கொள்ளுங்கள். என் காலத்தில் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது. ஆசிரியர் ஒருவருக்கு வருடத்துக்கு நூறு மார்க். பிள்ளைகளின் தேர்ச்சிக்கு நாற்பது; தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போனால் முழுசும் கிடைக்கும், எழுபதுக்குக் கீழே இறங்கினால் பன்னிரண்டுதான். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இருபது. பிள்ளைகள் ஆசிரியரைப் பற்றி எழுதிக் கொடுப்பதற்கு இருபது. அட்மிஷனுக்கு வீடு வீடாக ஏறி இறங்குவது முதலான கல்லூரிப் பணிகளுக்குப் பத்து. மிச்சம் பத்து, துறைத்தலைவர் தன் மனசாட்சிப்படி போடுவது. எழுபத்தைந்து வந்தால் ஏ, நல்ல சம்பள உயர்வு. ஐம்பது வந்தால் பி, சுமாரான உயர்வு. அதற்குக் கீழே சி, ஒன்றும் கிடையாது. தொடர்ந்து மூன்று சி வாங்கினால் வேலை புதுப்பிக்கப்படாது. தரம் போதாது என்று இங்கிருந்து வெளியே போனவரை இந்த மாவட்டத்தில் வேறு எந்தக் கல்லூரியும் வாசலில் சேர்க்காது.

அந்த மனசாட்சிப் பத்தில், துறைத்தலைவராக இருந்த நான் எல்லோருக்கும் ஆறு போடுவேன். அந்த ஒன்பதில் முதல் ஏழு வருடமும் ஆறுதான். ஏழு போட்டால் எட்டு ஏன் இல்லை என்று ஒருத்தர் வருவார். ஐந்து போட்டால் அவருடைய மாமா தாளாளரிடம் போவார். ஆறு போட்டால் ஊர் அடங்கும். நான் நியாயக்காரி என்று பெயரும் எடுத்திருந்தேன்.

தப்புச் செய்யாமலும் இல்லை. என் முதல் வருடத்தில் ஒரு சார் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு மதிப்பீட்டு நேர்காணலுக்கு வந்தார். உள்ளே முழுக்கப் பயிற்சிச் சான்றிதழ்கள். மூன்று நாள் பயிற்சி, ஐந்து நாள் பயிற்சி, எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று. நான் அசந்துபோய், கல்லூரிப் பணிகளுக்கான பத்தை அப்படியே அள்ளிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது, அதில் ஒரு பயிற்சி நடந்த மூன்று நாளும் அவர் என்னோடு ஒரே அறையில் தேர்வுக் கண்காணிப்பில் இருந்தார்! நான்தான் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தப்பை நினைத்தால் இன்றும் சிரிப்பேன். இனி சொல்லப் போவதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

என் துறை கணிதம். ஜெனிற்றா எங்கள் துறையில் வயதில் குறைந்தவள். மணவாளக்குறிச்சிக்கு அப்பால் கடற்கரைக் குடும்பம், கல்யாணமாகி புதுக்கடையில் வீடு. பேசினால் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். ஆனால் கூட்டங்களில் பேசவே மாட்டாள். அவளுக்கு அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சி. மூன்றாவது வந்தால் வெளியே. எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஏன் சி என்று கேட்பீர்கள். எங்கள் துறையில் வகுப்புகளைப் பிரிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. வருடத் தொடக்கத்தில் உட்கார்ந்து மூப்புப்படி எடுத்துக்கொள்வோம். பந்திக்கு முந்து என்பதுதான் சட்டம். நான் முதலில் ஏ பிரிவை எடுப்பேன். பிளஸ் டூவில் முன்னணியில் வந்த பிள்ளைகள், கரும்பலகையில் பாதி எழுதும்போதே மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது டி பிரிவு. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள், பழைய பாடங்களில் தோற்றுத் தூக்கிச் சுமக்கிறவர்கள். அது ஜெனிற்றாவுக்கு. ஒரு தடவை அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர் சேர்ந்தபோது, நியாயப்படி டி அவருக்குப் போயிருக்க வேண்டும். "வேண்டாம் மேடம், நானே எடுக்கேன்" என்றாள். எனக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஜூலையில் மதிப்பீட்டுக் குழு கூடியது. மேசைக்கு இந்தப் பக்கம் நான்கு பேர். முதல்வர். தாளாளர், முந்திரி ஆலைக் குடும்பம், கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. நாகர்கோவிலிலிருந்து வரும் வெளியுறுப்பினர், ஓய்வுபெற்ற பேராசிரியர், சுடுதண்ணீர் மட்டும் குடிப்பார், அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். பிறகு நான். தாளாளருக்கு நான்கு மணிக்கு ஒரு கல்யாண நிச்சயத்துக்குப் போக வேண்டும். வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜெனிற்றாவின் தாள் வந்தது. மொத்தம் எழுபத்தைந்து. ஏ!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நொடியே சந்தேகம் வந்தது. டி பிரிவில் தொண்ணூற்று நான்கு சதவீதமா? ஆனால் அடுத்த நொடி ஒரு நிம்மதியும் வந்தது. அவளை வேலையை விட்டு அனுப்பும் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டாம். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் எத்தனையோ இடத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறேன், மூட வேண்டாத இடத்தில்தான் மூடினேன்.

ஆசிரியரை உள்ளே கூப்பிட்டு, தாளைத் திருப்பிக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஜெனிற்றா வந்ததும் தாளாளர் சிரித்த முகமாக நீட்டினார்.

"கொள்ளாம் டீச்சரே! ரெண்டு வருசம் தரையில கெடந்துட்டு ஒரே சாட்டத்துல மேல வந்துட்டியளே. ஒப்பப் போட்டுட்டு வேகம் போங்க."

எல்லோரும் கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள். இவள் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டாள்.

"சார், இது எனக்க கிளாசு இல்ல."

"என்னது?"

"தேர்ச்சி தொண்ணூத்தி நாலுன்னு கெடக்கு. மூணு பேர் தோல்வின்னு இருக்கு. எனக்கு பதினொண்ணு பேராக்கும். இது ஏ பிரிவு சார், மேடத்துக்க கிளாசு. ஆபீசுல மாத்தி அடிச்சிருக்காவ."

குழுவில் இருப்பவர்களின் சொந்தத் தாளை எல்லாம் முடிந்த பிறகு முதல்வர் மட்டும் தனியாகப் பார்ப்பார். அதனால்தான் என் வகுப்புக்கு எதிரே அவள் வகுப்பின் எண் ஏறியிருந்தது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

முதல்வர் குரலைத் தாழ்த்தி, "நல்லாப் பாருங்கம்மா. இத மாத்தினா என்ன ஆகும்னு தெரியும்லா?" என்றார்.

"தெரியும் சார்."

"பின்ன?"

"எனக்க பிள்ளையள எனக்குத் தெரியாதா சார்?"

தாளாளர் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். "நுணலும் தன் வாயால கெடும்னு சொல்லுவாவ. நான் இன்னிக்குத்தான் நேர்ல பாக்கேன்" என்றார். கிண்டலாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் கிண்டலாக இல்லை.

அதுவரை சும்மா இருந்த வெளியுறுப்பினர் தம்ளரைக் கீழே வைத்தார். "பதினொண்ணு பேர்னு சொன்னியளே. யாரெல்லாம்?"

சோதிப்பதற்காகக் கேட்டாரா, வெறும் ஆர்வமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"ஆன்றோ. அவன் அப்பாவுக்க கூட வள்ளத்துல போவான் சார். முதல் மணிக்கு வரமாட்டான், வந்தா ஒறங்குவான். முதல் பரீட்சையில நாலு மார்க்கு, கடைசியில முப்பத்தெட்டு. ரதீஷ். பிளஸ் டூ வரை மலையாளத்துல படிச்ச பைய. கணக்கு வரும், கேள்வி என்ன கேக்குன்னு வெளங்காது. ஏழு, நாப்பத்தி ஒண்ணு. அபினேஷ். புதுக்கடையில ஒரு செல்போன் கடையில நிக்கான், வீட்டுல அவன் ஒருத்தன்தான் சம்பாதிக்கியது. பத்து, நாப்பத்தி நாலு. சுபிஷா. அவளுக்கு எல்லாம் தெரியும் சார். பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்க அம்மைய ஆஸ்பத்திரியில சேத்துட்டாவ. ரெண்டு கேள்வி எழுதிட்டு எழும்பிப் போயிட்டா..."

நிறுத்தவில்லை, தடுமாறவில்லை, யாரையும் கவர வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வீட்டில் யார் யாருக்குச் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருத்தி சொல்வாளே, அப்படிச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு, ஒரு காரணம், எங்கே தொடங்கி, தேர்ச்சிக்கு வேண்டிய ஐம்பதுக்கு முன்னால் எங்கே நின்றது என்று இரண்டு எண். நானும் கணக்குக்காரிதான். எண்களோடு முப்பது வருடம் பழகியிருக்கிறேன். எண்ணுக்குள் இத்தனை உயிர் இருந்து நான் பார்த்ததில்லை. அவள் வேலை அந்த மேசையில் போய்க்கொண்டிருக்கிறது, அவளோ தோற்ற பிள்ளைகளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பத்து விரலும் மடங்கிவிட்டன. பதினொன்றாவதுக்குக் கையை மேசைமேல் வைத்தாள்.

"கடைசி ஸ்டெனி. அவன் மேல எனக்குக் கோவமாக்கும் சார். படிக்காமத்தான் தோத்தான். ஒரு காரணமும் கெடையாது."

முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியுறுப்பினர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்க கிளாஸ்ல மூணு பேருதானே தோல்வி. யாரு யாரும்மா?"

எனக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. மூன்றே மூன்று பேர். விடுதிப் பையன் ஒருத்தன், ஜன்னல் ஓரம் இருப்பான், முகம் வருகிறது, பெயர் வரவில்லை. அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வகுப்பில் தோழிக்கு விடை எடுத்துக் கொடுப்பதுபோல ஜெனிற்றா முணுமுணுத்தாள்.

"ஒண்ணு அக்‌ஷயா, மேடம். சாயங்காலம் எனக்க ஸ்பெஷல் கிளாசுக்கு வந்தவ."

என் மாணவி, அவள் வகுப்பில். என் மானம் காக்க அதைச் சொன்னாள். பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

அவளை வெளியே காத்திருக்கச் சொன்னோம். திருத்திக் கூட்டினால் நாற்பத்தேழு. சி. மூன்றாவது சி. தாளாளர், "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எழுதி வச்ச சட்டம். முடிச்சிருவோம்" என்று எழுந்துவிட்டார்.

வெளியுறுப்பினர் உட்கார்ந்தபடியே என்னிடம் கேட்டார். "இந்த நாப்பத்தேழுல உங்க கையால போட்டது எவ்வளவு?"

"ஆறு சார்."

"போன வருசம்?"

"ஆறு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் ஆறுதான் சார்."

"எல்லாருக்கும் ஒண்ணுபோலன்னா, யாரையும் பாக்கலேன்னுதானே அர்த்தம்?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கு வாய் நீளம், உங்கள் முதல்வரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மெதுவாகக் கேட்டார்.

தாளாளர் விடவில்லை. "டீச்சரே, இப்ப கூட்டிப் போட்டா, பாவம் பாத்துப் போட்டதா ஆயிரும். நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து இந்த மேசையில அழுவாவ. அப்ப என்ன செய்வியோ?"

அவர் சொன்னது சரிதான். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இந்த இடம் வரும். மனம் இளகுகிற நேரத்தில் போடுகிற பத்தும், பயந்து போடுகிற ஆறும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். அவள் பேசிய விதத்தில் நான் சொக்கிப்போயிருந்தேன். சொக்கிப்போனவள் மார்க் போடக் கூடாது.

"எனக்கு ஒரு மணி நேரம் வேணும். அதுக்குள்ள காரணம் காட்ட முடியலன்னா சி-யில நானே கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"நிச்சயத்துக்கு..."

"மாப்பிள்ளை ஓடிப் போயிர மாட்டான், சார். உக்காருங்க."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. தாளாளரும் உட்கார்ந்துவிட்டார்.

நான்கு பிரிவுகளின் மார்க் பதிவேடுகளையும் வரவழைத்தேன். முதல் பரீட்சையில் வகுப்பின் சராசரி என்ன, கடைசிப் பரீட்சையில் என்ன. வேறொன்றும் பார்க்கவில்லை. ஆபீஸை நம்பாமல் நானே கூட்டினேன். என் பிள்ளைகள் எழுபத்தொன்றில் வந்து எழுபத்தைந்தில் போயிருந்தார்கள். அவள் பிள்ளைகள் பதினாறில் வந்து ஐம்பத்திரண்டில் நின்றார்கள். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். தண்ணீரில் மிதக்கிற வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் வருடாவருடம் ஏ வாங்கியிருக்கிறேன். அவள் மணலில் கிடந்த வள்ளத்தை ஒற்றை ஆளாகத் தள்ளிக் கடலில் இறக்கிவிட்டு சி வாங்கியிருக்கிறாள். அதைப் பார்க்க வேண்டிய ஒரே கட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆறு எழுதியிருக்கிறேன்.

ஆறை அடித்தேன். பத்து என்று எழுதினேன். கீழே அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதினேன், இரண்டு வகுப்பின் எண்களையும் போட்டு. வகுப்புகளைப் பிரிக்கும் முறையால் லாபம் அடைந்தவள் நான் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

தாளாளர் இரண்டு முறை வாசித்தார். நான் வசவுக்குத் தயாராக இருந்தேன்.

"டீச்சரே, எங்க ஆலையில கொட்டை உடைக்கிற பெண்ணுங்களுக்குக் கூலி பாக்கியப்போ, குடுத்தது நல்ல கொட்டையா சொத்தையான்னு பாத்துட்டுத்தான் கணக்குப் போடுவோம். அது எங்க மேஸ்திரிக்குத் தெரியும். இத்தனை படிச்ச ஆளுவ இருந்தும் இங்க ஒருத்தருக்கும் தோணல்லியா?"

என்னைக் கேட்டாரா, தன்னையும் சேர்த்துக் கேட்டாரா தெரியாது. கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்தொன்று. பி. ஜெனிற்றாவை உள்ளே கூப்பிட்டோம். மறுபடியும் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"மேடம், இதுல பத்துக்குப் பத்துன்னு கெடக்கு. இதும் தப்பா அடிச்சதா?"

"இல்ல மக்கா" என்றேன். "முன்ன போட்டதாக்கும் தப்பு."

கண் நிறைந்தது, ஆனால் வழிய விடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மணியைப் பார்த்தாள். "அப்ப நான் போகட்டா மேடம்? கிளாசு உண்டு." போய்விட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து தாளில் முதல் பரீட்சை மார்க்குக்கு ஒரு கட்டம் சேர்ந்தது. இன்று உங்கள் தாளில் இருக்கிறதே, அது அந்த அரைப் பக்கத்திலிருந்து வந்தது. மூப்புப்படி வகுப்பு எடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினேன், துறையில் பாதிப் பேர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஏ பிரிவை ஜெனிற்றாவிடம் கொடுத்துவிட்டு டி பிரிவை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் மட்டும் டிக்குத் தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான் என்ற திமிர் எனக்கு ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் கரும்பலகைப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தேன், முப்பத்தைந்து முகத்தில் ஒன்றுகூட என்னோடு இல்லை. அங்கிருந்துதான் நான் வாத்தியார் வேலை படிக்க ஆரம்பித்தேன். சந்தேகம் வந்தபோதெல்லாம் அவளிடம் போய்க் கேட்டேன். சொல்லித் தந்தாள்.

அந்த வருடம் அவளுக்கு ஏ. எனக்கு, புதுக் கட்டத்தையும் சேர்த்துக் கூட்டியும், சி. என் பணிக்காலத்தில் வாங்கிய ஒரே சி. என் வகுப்பில் பதினாலு பேர் தோற்றிருந்தார்கள், அவளுடைய பதினொன்றைவிட மூன்று கூடுதல்.

நாளைக்கு உங்கள் முன்னால் தாள்கள் வரும். கடைசிக் கட்டத்தில் எழுதக் கை போகும்போது, ஆறு என்று தானாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அவ்வளவுதான் சொல்லத் தெரியும் எனக்கு.

அந்தப் பதினாலு பேரையும் கேட்கிறீர்களா? சொல்கிறேன், காகிதம் வேண்டாம். அஜின், அப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஒப்பந்த வேலை, ஒன்பதில் தொடங்கி முப்பத்தாறு. பெனிலா, காது சரியாகக் கேட்காது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் இருந்தாள், எனக்கு நான்கு மாதம் தெரியவில்லை, பதினொன்று, நாற்பத்தேழு. பிறகு சுயம்பு, லிபின், ஆஷா...

பதினாலாவது ஜெபின். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.